குற்றாலத்தில் பயணியர் சேவைகள்

குற்றாலத்தில் பயணியர் சேவைகள் என்பது தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்தில் அமைந்துள்ள குற்றாலத்திற்கும் அதன் நுழைவாயிலாக விளங்கும் தென்காசி நகருக்கும் வரும் பயணிகளுக்குக் கிடைக்கும் போக்குவரத்து, தங்குமிடம், உணவு, மருத்துவம், பாதுகாப்பு முதலிய வசதிகளைக் குறிக்கும். குற்றாலம் ஒரு சிறப்பு நிலைப் பேரூராட்சி ஆகும். இங்கு நிலையாக வாழும் மக்கள் சில ஆயிரம் பேர் மட்டுமே. ஆனால் சாரல் பருவத்தின் விடுமுறை நாட்களில் இதனைப் போலப் பன்மடங்கு மக்கள் ஒரே நாளில் வந்து செல்கின்றனர். எனவே இவ்வூரின் சேவைகள் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இராமல், அருவிகளில் நீர் வரத்தைப் பொறுத்துப் பெருகியும் சுருங்கியும் வருகின்றன. இந்நீர் வரத்தே சில வேளைகளில் உயிருக்கு ஆபத்தாகவும் அமைவதால், அருவிகளில் நீராடுவது தொடர்பான அறிவிப்புகள் இங்குள்ள சேவைகளுள் முதன்மையானவையாகக் கருதப்படுகின்றன.

பின்னணி

குற்றாலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், திரிகூடமலை எனப்படும் மலைப்பகுதியின் கீழ் அமைந்துள்ளது. இம்மலையில் உற்பத்தியாகும் சிற்றாறு பேரருவியாக விழுந்து, தென்காசி வழியாகப் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணி ஆற்றுடன் கலக்கின்றது. குற்றாலநாதர் கோயில் பேரருவியை ஒட்டியே அமைந்துள்ளது. நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திர சபை இவ்வூரிலேயே உள்ளது. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி இத்தலத்தைப் பாடும் நூலாகும்.

குற்றாலத்திற்கு வருவோர் தொடக்கத்தில் பெரும்பாலும் கோயில் வழிபாட்டிற்கும் தீர்த்தமாடுதலுக்கும் வந்தனர். அவர்களுக்கென மண்டபங்களும் மடங்களும் சத்திரங்களும் அமைக்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கு சாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை முதலிய நறுமணப் பயிர்களை வளர்க்கும் தோட்டங்களை ஏற்படுத்தினர். திருநெல்வேலிப் பகுதியில் பணியாற்றிய ஆங்கிலேய அலுவலர்கள் சாரல் காலத்தில் இங்கு வந்து தங்குவதற்கு மாளிகைகள் கட்டிக்கொண்டனர். குற்றாலத்தை அடுத்துள்ள காசிமேஜர்புரம் என்னும் ஊர் காசமேஜர் என்ற கம்பெனி அலுவலரின் பெயரால் அமைந்ததாகக் கூறப்படுகின்றது. தொடர்வண்டிப் பாதை அமைந்த பின்னர் பிற மாவட்டங்களிலிருந்து பொதுமக்கள் வருவது பெருகியது.

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஆகிய ஊர்கள் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தென்காசி மாவட்டமாயின. அதற்கு முன்னர் அருவிகள் தொடர்பான முடிவுகள் திருநெல்வேலியில் எடுக்கப்பட்டன. அதன் பின்னர் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் மாவட்டக் காவல் அலுவலகமும் தென்காசியிலேயே இயங்குகின்றன.

பருவ காலம்

குற்றாலத்திற்கு இரண்டு பயணப் பருவங்கள் உள்ளன.

முதலாவது, தென்மேற்குப் பருவமழையையொட்டி ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலும், சில ஆண்டுகளில் செப்டம்பர் வரையிலும் நீடிக்கும் சாரல் பருவமாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்தில் பெருமழை பெய்யும்போது, செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று இப்பகுதியில் மெல்லிய தூறலாகப் பொழிகின்றது. இதுவே சாரல் எனப்படுகின்றது. வெயிலும் தூறலும் மாறி மாறி வரும் இக்காலத்தில் அருவிகளில் நீர் சீராக விழும். தமிழ்நாடு அரசின் சார்பில் சாரல் விழாவும் இப்பருவத்தில் நடத்தப்படுகின்றது. ஆடி அமாவாசையன்று முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்ய வருவோரின் கூட்டமும் மிகுதியாக இருக்கும்.

இரண்டாவது, கார்த்திகை, மார்கழி மாதங்களிலும் தை முற்பகுதியிலும் அமையும் ஐயப்பப் பக்தர்களின் பருவமாகும். சபரிமலைக்கும், ஆரியங்காவு, அச்சன்கோவில், குளத்துப்புழை ஆகிய ஐயப்பன் கோயில்களுக்கும் செல்வோர் வழியில் குற்றாலத்தில் நீராடிச் செல்வர். இக்காலம் வடகிழக்குப் பருவமழைக் காலத்துடன் சேர்வதால் அருவிகளில் திடீர் வெள்ளம் ஏற்படும் வாய்ப்பும் அதிகமாகும்.

பிப்ரவரி முதல் மே வரை பெரும்பாலான அருவிகளில் நீர் குறைந்தோ முற்றிலும் வற்றியோ காணப்படும். இக்காலத்தில் விடுதி வாடகை குறைவாக இருக்கும். பல கடைகள் திறக்கப்படுவதில்லை. பருவமழை தாமதமாகும் ஆண்டுகளில் ஜூன் மாதத்திலும் அருவிகள் வறண்டிருப்பதுண்டு. ஆகையால் நெடுந்தொலைவிலிருந்து வருவோர் புறப்படுமுன் நீர் வரத்தைக் கேட்டறிந்து வருவது நலம்.

அருவிகளும் அங்குள்ள வசதிகளும்

* பேரருவி: குற்றாலநாதர் கோயிலுக்கு அருகில் உள்ளது. மலை உச்சியிலிருந்து நேரே தரையில் விழாமல், இடையில் உள்ள பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பாறைக்குழியில் விழுந்து பொங்கி வழிவதால் இதன் வேகம் தணிகின்றது. சாதாரண நாட்களில் மக்கள் அச்சமின்றி இதன் கீழ் நின்று குளிக்க இயல்வது இக்குழியினாலேயே ஆகும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உள்ளன. மின்விளக்குகள் அமைக்கப்பட்டுள்ளதால் தடை இல்லாத நாட்களில் இரவிலும் நீராடும் வழக்கம் உண்டு.
* சிற்றருவி: பேரருவிக்கு மேற்புறம், நடந்து செல்லும் தொலைவில் உள்ள சிறிய அருவி.
* செண்பகாதேவி அருவி: பேரருவிக்கு மேலே, மலைப்பாதையில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அருவிக்கரையில் செண்பகாதேவி அம்மன் கோயில் உள்ளது. இப்பகுதி வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பதால் வழிபாட்டு நாட்கள் போன்ற சிறப்பு அனுமதி தவிரப் பிற வேளைகளில் செல்ல இயலாது.
* தேனருவி: செண்பகாதேவி அருவிக்கும் மேலே அமைந்துள்ளது. பாறைகளில் தேன்கூடுகள் தொங்குவதால் இப்பெயர் பெற்றது. ஆபத்தான பகுதியாதலால் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.
* ஐந்தருவி: பேரருவியிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நீர் ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழுகின்றது. நகரப் பேருந்துகள் இவ்வருவி வரை செல்கின்றன.
* பழத்தோட்ட அருவி: ஐந்தருவிக்கு மேல், அரசு தோட்டக்கலைப் பண்ணையினுள் அமைந்துள்ளது. பொதுமக்கள் நீராட அனுமதிக்கப்படுவதில்லை.
* புலியருவி: பழைய குற்றாலம் செல்லும் வழியில் உள்ள சிறிய அருவி. உயரம் குறைவாதலால் குழந்தைகளுடன் வருவோர் இதனை நாடுகின்றனர்.
* பழைய குற்றாலம் அருவி: ஆயிரப்பேரி ஊராட்சிப் பகுதியில் அமைந்துள்ளது. குற்றாலத்திலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவு ஆகும். அருவிக்கரையை அடையப் படிகள் ஏற வேண்டும் என்பதால் முதியோருக்குத் துணை தேவைப்படும்.

பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகிய இடங்களில் உடை மாற்றும் அறைகள், கழிப்பிடங்கள், வாகன நிறுத்துமிடங்கள் ஆகியவை உள்ளாட்சி அமைப்புகளால் அமைக்கப்பட்டுள்ளன. கூட்டம் மிகுந்த நாட்களில் காவல்துறையினர் பயணிகளை வரிசையில் நிறுத்திச் சிறு குழுக்களாக நீராட அனுப்புகின்றனர். நடக்க இயலாதோருக்கும் முதியோருக்கும் பேரருவியும் ஐந்தருவியும் ஏற்றவை. இவ்விரண்டிற்கும் அருகில் வரை வாகனங்கள் செல்கின்றன.

நீராடத் தடையும் வெள்ள எச்சரிக்கையும்

குற்றால அருவிகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி பரப்பில் சிறியது, சரிவு மிகுந்தது. மலை உச்சியில் பெய்யும் பெருமழை சில நிமிடங்களிலேயே அருவியை வந்தடைகின்றது. அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அருவியில் வெள்ளம் வருவது இதனாலேயே ஆகும். நீராடுவோர் மலை உச்சியில் பெய்யும் மழையை அறிய வழியில்லை.

பேரருவியின் முன்புறம் பாதுகாப்பு வளைவு ஒன்று உள்ளது. நீர் இவ்வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் நீராடத் தடை விதிக்கப்படும். நீர் வரத்துக் குறைந்து சீரான பின்னரே தடை விலக்கப்படும். தடை சில மணி நேரத்தில் விலக்கப்படுவதும் உண்டு. பல நாட்கள் நீடிப்பதும் உண்டு. ஓர் அருவியில் தடை இருக்கும்போது மற்றோர் அருவியில் அனுமதி இருக்கலாம்.

அண்மைக் காலத்தில் நிகழ்ந்த சில நிகழ்வுகள் இவ்வெச்சரிக்கையின் தேவையைக் காட்டுகின்றன. 2022 ஜூலை இறுதியில் பேரருவியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் இரண்டு பெண்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் பழைய குற்றாலத்தில் நீரில் இழுத்துச் செல்லப்பட்ட நான்கு வயதுச் சிறுமியை, அங்கு வந்திருந்த வாகன ஓட்டுநர் ஒருவர் பாறைகளுக்கிடையே இறங்கி உயிருடன் மீட்டார். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். இது சாரல் பருவம் தொடங்குமுன், கோடை மழையால் நிகழ்ந்ததாகும். எனவே பருவம் அல்லாத காலத்தில் வெள்ளம் வராது என்று கருதுவது தவறு. இந்நிகழ்விற்குப் பின் அருவிகளில் நீராடுவது சில நாட்கள் நிறுத்தப்பட்டது. பாதுகாப்பு ஏற்பாடுகளும் மறுஆய்வு செய்யப்பட்டன.

வெள்ளம் வருவதன் அறிகுறிகளாகப் பின்வருவன கொள்ளப்படுகின்றன:

* தெளிந்த நீர் திடீரெனக் கலங்கிச் செந்நிறமாதல்
* இலை, சருகு, சுள்ளி, சிறு கற்கள் ஆகியன நீருடன் விழுதல்
* அருவியின் இரைச்சல் உயர்தல்
* நீர் வழக்கமான இடத்தை விட்டு முன்தள்ளி விழுதல்

இவற்றுள் ஒன்று தென்பட்டாலும், காவலர்களின் அறிவிப்பு வரும்வரை காத்திராமல் உடனே கரையேற வேண்டும். உடைமைகளை எடுக்கத் திரும்பிச் செல்லுதல் கூடாது. குழந்தைகளின் கையை விடாமல் நீராட வேண்டும். அருவி நீர் ஓடும் கால்வாய்களிலும் தடாகங்களிலும் இறங்குவது, பாறைகள் மீது ஏறிப் படம் எடுப்பது, மது அருந்திவிட்டு நீராடுவது ஆகியவை விபத்துகளுக்குக் காரணமாகின்றன.

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மார்ச்சு முதல் அருவிகளில் நீராடத் தடை விதிக்கப்பட்டது. இத்தடை 2020 டிசம்பரில் நீக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் மீண்டும் விதிக்கப்பட்டு, 2021 டிசம்பரில் விலக்கப்பட்டது. இதனால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் சாரல் பருவங்களும் பயணிகள் இன்றிக் கழிந்தன. கடைகளை ஏலத்தில் எடுத்தோர், விடுதி நடத்துவோர், தானி ஓட்டுநர்கள், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளர்கள் ஆகியோரின் ஆண்டு வருவாய் ஏறத்தாழ மூன்று மாதங்களையே நம்பியிருப்பதால், இத்தடை உள்ளூர் மக்களைப் பெரிதும் பாதித்தது.

நீதிமன்ற ஆணைகளும் விதிமுறைகளும்

எண்ணெய் தேய்த்து அருவியில் குளிப்பது குற்றாலத்தில் நெடுங்காலமாக இருந்து வந்த வழக்கம் ஆகும். எண்ணெய்ப் பிசுக்கினால் பாறைகள் வழுக்குவதும், சவர்க்காரம் முதலியவற்றால் ஆற்று நீர் மாசடைவதும் மிகுந்தமையால், 2014ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் ஆகியவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பேரருவியில் விழும் இதே நீர்தான் கீழே சிற்றாற்றில் பாசனத்திற்கும் குடிநீருக்கும் பயன்படுகின்றது என்பது இங்கு நினைவுகொள்ளத் தக்கது. எண்ணெய் தேய்த்துக்கொள்ள விரும்புவோர் தங்கும் விடுதியிலேயே தேய்த்துக் கழுவிய பின்னர் அருவிக்குச் செல்லலாம்.

இயற்கை நீரோடைகளைத் திருப்பித் தனியார் விடுதிகள் செயற்கை அருவிகள் அமைத்துள்ளதாகத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2022ஆம் ஆண்டில் மதுரைக் கிளை அத்தகைய விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்க ஆணையிட்டது. தனியார் அருவி உள்ளதாக விளம்பரம் செய்யும் விடுதிகளைத் தெரிவு செய்வோர் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும். இத்தகைய இடங்களில் காவலர்களோ மீட்புப் பணியாளர்களோ இருப்பதில்லை.

தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை நடைமுறையில் உள்ளது. பிளாஸ்டிக் பைகள், குவளைகள், தட்டுகள் ஆகியவற்றைக் கொண்டுவருவதைத் தவிர்த்தல் வேண்டும்.

போக்குவரத்து

தொடர்வண்டி

குற்றாலத்தில் தொடர்வண்டி நிலையம் இல்லை. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தென்காசி சந்திப்பு அண்மையிலுள்ள நிலையம் ஆகும். செங்கோட்டை நிலையமும் பயன்படுத்தப்படுகின்றது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு 1903ஆம் ஆண்டிலும், அங்கிருந்து மலையைக் கடந்து புனலூருக்கு 1904ஆம் ஆண்டிலும் மீட்டர் பாதை திறக்கப்பட்டது. விருதுநகர் - தென்காசிப் பாதை 1927ஆம் ஆண்டில் அமைந்தது. இப்பாதைகள் பின்னர் அகலப் பாதைகளாக மாற்றப்பட்டன. விருதுநகர் - தென்காசி - செங்கோட்டைப் பகுதி 2004ஆம் ஆண்டிலும், திருநெல்வேலி - தென்காசிப் பகுதி 2012ஆம் ஆண்டிலும், செங்கோட்டை - புனலூர் மலைப்பகுதி 2018ஆம் ஆண்டிலும் அகலப் பாதையாகின.

சென்னை எழும்பூரிலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் பொதிகை விரைவு வண்டி இப்பகுதியின் முதன்மையான நெடுந்தொலைவு வண்டி ஆகும். சிலம்பு விரைவு வண்டி, சென்னை - கொல்லம் விரைவு வண்டி, பாலருவி விரைவு வண்டி ஆகியனவும் தென்காசி வழியாகச் செல்கின்றன. சாரல் பருவத்தின் வார இறுதிகளில் இவ்வண்டிகளில் முன்பதிவு விரைவில் நிறைந்துவிடும். இடம் கிடைக்காதோர் மதுரை அல்லது திருநெல்வேலி வரை வேறு வண்டியில் வந்து, அங்கிருந்து பேருந்தில் தென்காசியை அடையலாம்.

பேருந்து

திருநெல்வேலியிலிருந்து தென்காசி ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலும், மதுரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளது. இரு நகரங்களிலிருந்தும் இரவு பகலாகப் பேருந்துகள் இயங்குகின்றன. கொல்லம், புனலூர், கொட்டாரக்கரை, திருவனந்தபுரம் ஆகிய இடங்களிலிருந்து கேரள அரசுப் பேருந்துகளும் வருகின்றன. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் - கொச்சியின் பகுதியாக இருந்ததாலும், இன்றும் எல்லைப் போக்குவரத்து மிகுந்திருப்பதாலும், கடைகளிலும் விடுதிகளிலும் மலையாளம் பரவலாகப் புரிந்துகொள்ளப்படுகின்றது.

தென்காசியிலிருந்து மேலகரம், நன்னகரம் வழியாகவும், செங்கோட்டையிலிருந்து வல்லம் வழியாகவும் நகரப் பேருந்துகள் குற்றாலத்திற்கு இயங்குகின்றன. இவற்றுள் சில ஐந்தருவி வரை செல்கின்றன. சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தைத் தமிழ்நாடு அரசு 2021 மே மாதத்தில் அறிமுகப்படுத்தியது. இரவில் கடைசிப் பேருந்தின் நேரத்தை நடத்துநரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தானியும் வாடகை வண்டியும்

தென்காசி தொடர்வண்டி நிலையத்திலும் பேருந்து நிலையங்களிலும் தானிகள் கிடைக்கின்றன. பெரும்பாலும் இவை அளவுமானியின்படி இயங்குவதில்லை. ஆதலால் ஏறுமுன்னரே கட்டணத்தைப் பேசி முடிவு செய்ய வேண்டும். பேரருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் ஆகியவற்றை ஒரே சுற்றில் காண்பிக்கும் பேச்சு வழக்கம் இங்கு உண்டு. எத்தனை அருவிகள், ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் காத்திருப்பு என்பவற்றையும் சேர்த்துப் பேசிக்கொள்வது பிணக்குகளைத் தவிர்க்கும். இடையில் ஓர் அருவியில் தடை விதிக்கப்பட்டால் கட்டணத்தை எவ்வாறு குறைப்பது என்பதையும் முன்னரே கேட்டுக்கொள்ளலாம்.

சொந்த வாகனம்

கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744 செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, இராசபாளையம் வழியாகச் செல்கின்றது. சரக்குந்துப் போக்குவரத்து மிகுந்த சாலை இது. புளியரைக்கு அப்பால் மலைப்பாதை வளைவுகள் நிறைந்ததாகையால் மழை நேரத்தில் கவனம் தேவை. பருவ கால ஞாயிற்றுக்கிழமைகளில் பேரருவி அருகே வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. தென்காசியில் வாகனத்தை நிறுத்திவிட்டு நகரப் பேருந்தில் செல்வது பல வேளைகளில் விரைவானதாக அமையும். வாகன நிறுத்தக் கட்டணத்திற்குச் சீட்டுக் கேட்டுப் பெற வேண்டும்.

வானூர்தி

தூத்துக்குடி, மதுரை, திருவனந்தபுரம் ஆகிய வானூர்தி நிலையங்கள் பயன்படுகின்றன. இவற்றுள் திருவனந்தபுரமும் மதுரையும் பன்னாட்டுச் சேவை உடையவை.

தங்குமிடம்

குற்றாலத்தில் நான்கு வகையான தங்குமிடங்கள் உள்ளன.

* பேரூராட்சி நடத்தும் விடுதிகளும், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும்
* கோயில் நிருவாகத்தைச் சேர்ந்த தங்கும் அறைகள்
* பல்வேறு சமூகத்தாரும் அறக்கட்டளைகளும் நடத்தும் சத்திரங்கள், மடங்கள்
* தனியார் விடுதிகளும், பருவ காலத்தில் வாடகைக்கு விடப்படும் வீடுகளும்

மேலகரம், நன்னகரம், இலஞ்சி, காசிமேஜர்புரம் ஆகிய ஊர்களிலும் வீடுகள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. குடும்பமாக வந்து சமைத்து உண்போர் இவற்றை விரும்புகின்றனர். பருவ காலத்தில் வாடகை ஏனைய மாதங்களைக் காட்டிலும் மிகுதியாக இருக்கும். வார நாட்களில் குறைவாகக் கிடைக்கும். முன்பணம் செலுத்துமுன் அருவியில் தடை விதிக்கப்பட்டால் பணம் திருப்பித் தரப்படுமா என்பதைக் கேட்டறிய வேண்டும். இணையவழியில் முன்பணம் கேட்போர் உண்மையான விடுதியினர் தாமா என்பதை அவ்விடுதிக்கே தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். குற்றாலத்தில் இடம் கிடைக்காதபோது தென்காசியிலும் செங்கோட்டையிலும் ஆண்டு முழுவதும் இயங்கும் விடுதிகள் உள்ளன.

உணவும் கடைகளும்

குற்றாலத்தில் சைவ, அசைவ உணவகங்கள் உள்ளன. அருவியில் குளித்து வருவோரின் பசியை நம்பிப் பருவ காலத்தில் பல தற்காலிக உணவகங்களும் தொடங்கப்படுகின்றன. செங்கோட்டை அருகே பிரானூர் பகுதியில் விற்கப்படும் பரோட்டாவும் நாட்டுக்கோழிக் கறியும் பெயர் பெற்றவை. சென்னை மாகாணத்திற்கும் திருவிதாங்கூருக்கும் இடையிலான பழைய எல்லை இங்கு இருந்தமையால் இப்பகுதி இன்றும் பார்டர் என்றே வழங்கப்படுகின்றது. அங்கு விற்கப்படும் பரோட்டாவும் பார்டர் பரோட்டா எனப்படுகின்றது.

மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், பலா ஆகிய பழங்கள் பருவ காலத்தில் சாலையோரங்களில் விற்கப்படுகின்றன. இவற்றுள் சில குற்றால மலைத் தோட்டங்களில் விளைபவை. சில கேரளத்திலிருந்து வருபவை. நேந்திரங்காய் வற்றல், அல்வா, பேரீச்சம்பழம், மூலிகை எண்ணெய் ஆகியனவும் பயணிகள் வாங்கிச் செல்லும் பொருட்கள் ஆகும். பொட்டலங்களில் தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்.

கோயிலைச் சுற்றியுள்ள தற்காலிகக் கடைகள் நெருக்கமாக அமைக்கப்படுவதால் தீ ஆபத்து உண்டு. 2023 ஆகஸ்டில் குற்றாலநாதர் கோயில் அருகே இத்தகைய கடைகளில் ஏற்பட்ட தீ விபத்தில் பல கடைகள் எரிந்தன.

குரங்குகள் உணவுப் பொட்டலங்களைப் பறிப்பது வழக்கம். அவற்றிற்கு உணவளிப்பதையும், கையில் பை தெரியும்படி நடப்பதையும் தவிர்க்க வேண்டும். குரங்கு கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பு நீரால் நன்கு கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி குறித்துக் கேட்க வேண்டும்.

மருத்துவமும் அவசர உதவியும்

தென்காசியில் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை இயங்குகின்றது. எலும்பு முறிவு, தலைக்காயம், பாம்புக்கடி, நீரில் மூழ்குதல் போன்றவற்றிற்கு நேரே இங்குச் செல்வதே நல்லது. உயர் சிகிச்சை தேவைப்படுவோர் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு நோய் உடையோர் அருவியின் நேர் விசையில் தலையைக் கொடுப்பதைத் தவிர்த்து, ஓரத்தில் நின்று குளிக்கலாம். வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைக் கையோடு கொண்டுவர வேண்டும்.

கட்டணமின்றி அழைக்கத்தக்க எண்கள்:

* 112 - அனைத்து அவசர உதவி
* 108 - அவசர ஊர்தி
* 100 - காவல்துறை
* 101 - தீயணைப்பு, மீட்புப் பணி
* 1077 - மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை
* 181 - பெண்கள் உதவி
* 1098 - குழந்தைகள் உதவி
* 139 - தொடர்வண்டி விசாரணை, உதவி
* 1363 - இந்திய அரசின் சுற்றுலா உதவி

குற்றாலத்தில் காவல் நிலையம் உள்ளது. பருவ காலத்தில் அருவிக்கரைகளில் கூடுதல் காவலரும் தீயணைப்பு, மீட்புப் பணியினரும் நிறுத்தப்படுகின்றனர். கூட்டத்தில் பிரிந்த குழந்தைகளைக் குறித்து ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். குழந்தையின் சட்டைப் பையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை நனையாத உறையில் இட்டு வைப்பது பயன் தரும். நகைகளை அணிந்து அருவியில் குளித்தல் கூடாது. நீரின் விசையில் கழன்று விழும் நகைகள் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை.

பணமும் தொடர்பும்

தென்காசியில் பெரும்பாலான வங்கிகளின் கிளைகள் உள்ளன. குற்றாலத்திலும் தன்னியக்கப் பணப் பொறிகள் உள்ளன. எனினும் பருவ கால விடுமுறை நாட்களில் இவற்றில் பணம் தீர்ந்துவிடுவதுண்டு. கைபேசி வழிப் பணம் செலுத்தும் முறை பெரும்பாலான கடைகளில் ஏற்கப்படுகின்றது. ஆயினும் கைபேசியை அறையில் வைத்துவிட்டு அருவிக்குச் செல்வோர் திரும்பும் செலவிற்குச் சிறிது ரொக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அருகிலுள்ள இடங்கள்

அருவிகளில் தடை விதிக்கப்படும் நாட்களில் பயணிகள் செல்லத்தக்க பிற இடங்கள் பின்வருமாறு:

* தென்காசி காசி விசுவநாதர் கோயில்: 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியனால் கட்டப்பட்டது. சிதைந்திருந்த இராச கோபுரம் புதுப்பிக்கப்பட்டு 1990ஆம் ஆண்டில் குடமுழுக்கு நடைபெற்றது.
* சித்திர சபை: குற்றாலத்தில் உள்ளது. சுவரோவியங்களுக்குப் பெயர் பெற்றது.
* குற்றாலம் தொல்லியல் அகழ்வைப்பகம்
* ஐந்தருவி அருகிலுள்ள தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா
* ஐந்தருவி சாலையில் உள்ள வெண்ணமடைக்குளம் படகுக் குழாம்: குளத்தில் நீர் நிறைந்த காலத்தில் மட்டும் இயங்கும்.
* இலஞ்சி குமாரர் கோயில், பண்பொழி திருமலைக் குமாரசுவாமி கோயில்
* செங்கோட்டை அருகிலுள்ள குண்டாறு அணை, மேக்கரை அடவிநயினார் அணை
* சுந்தரபாண்டியபுரம்: ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சூரியகாந்தி வயல்களைக் காண மக்கள் வருகின்றனர். இவை உழவர்களின் விளைநிலங்களாதலால் வயலுக்குள் இறங்குவதற்கு உரியவரின் இசைவு தேவை.
* பாலருவி: கேரள மாநிலம் ஆரியங்காவு அருகில் உள்ளது. கேரள வனத்துறையால் நிருவகிக்கப்படுகின்றது. இங்கும் வெள்ளக் காலங்களில் தடை விதிக்கப்படும்.

இவற்றையும் பார்க்க

* குற்றாலம்
* தென்காசி
* செங்கோட்டை
* சிற்றாறு
* திருக்குற்றாலக் குறவஞ்சி